அம்மீட்டரில் ஒட்டிய பெயர்

அந்த அம்மீட்டரை எரித்தது நான். எரித்ததாக ஒரு பெண்ணின் பெயரைச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டியதும் நான்தான். அதனால் அவர் அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. அந்தத் தேர்வை நம்பியிருந்த ஒரு வேலையும் போயிற்று. பதின்மூன்று வருடங்கள் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்த புதிதில், வீடு எங்கே என்று கேட்டால் எல்லோரும் பிளாக் நம்பர் சொல்வது விசித்திரமாக இருந்தது. கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் லேசாகச் சாம்பல் பூத்து நிற்பதும் அப்படித்தான். ஒரு வருடத்தில் இரண்டும் பழகிவிட்டன. ஷிப்டு சங்கு ஊதினால் மணி பார்க்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மின்சாரப் பாடம் நடத்த இதைவிட நல்ல ஊர் கிடையாது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்குச் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை. ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி தெரியும். மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வேறு ஊர்ப் பிள்ளைகள் சுவிட்சைக் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார்கள்.

என் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மேற்குச் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. மாணவர்கள் எரித்த அம்மீட்டர்கள் அதில் வரிசையாக இருக்கும். அம்மீட்டர் மின்னோட்டத்தை அளக்கும் கருவி. அதற்கு மின்தடை மிகக் குறைவு. மின்சுற்றில் மற்றவற்றோடு தொடராகத்தான் இணைக்க வேண்டும். தனியாக பேட்டரியின் இரண்டு முனைகளிலும் நேராக இணைத்தால் மொத்த மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்து உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். பேட்டரி முனைகளில் நேராக இணைக்க வேண்டியது வோல்ட்மீட்டர். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருவன் அம்மீட்டரை எரிப்பான். எரித்தவன் பெயர், வகுப்பு, தேதி எழுதி அதன் நெற்றியில் சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பேன். பிள்ளைகள் அந்த அலமாரிக்குச் சுடுகாடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் பெயர் வருவது நாளடைவில் ஒரு கௌரவம் ஆகிவிட்டது. பெரிய உத்தியோகத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் லீவுக்கு வந்தால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த அலமாரியைக் காட்டுவார்கள். நானும் கூட நின்று சிரிப்பேன். முப்பது வருடத்தில் நான் ஒரு மீட்டரைக்கூட எரித்ததில்லை என்பதையும் தவறாமல் சொல்லிவைப்பேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தனித்தேர்வர்களுக்கான செய்முறைப் பயிற்சி எங்கள் பள்ளிக்கு வந்தது. பள்ளியில் படிக்காமல் நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களும் அறிவியல் செய்முறை வகுப்புக்கு வந்து வருகைப் பதிவு பெற வேண்டும். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. சனி, ஞாயிறு மதியம் வகுப்பு. பதினெட்டுப் பேர் வந்தார்கள். பெரும்பாலும் சுற்று வட்டாரத்துக் கிராமத்துக்காரர்கள், காண்ட்ராக்ட் வேலை செய்கிறவர்கள். காலை ஷிப்டு முடித்துக் குளித்துத் தலை ஈரத்தோடு வருவார்கள். மாணவர்களுக்காகப் போட்ட முக்காலிகளில் உட்கார்ந்தால் அவர்களின் முழங்கால் மேசையில் இடிக்கும்.

மின்சாரம், வேதி மாற்றம், இயந்திரங்கள் என்று மூன்றாகப் பிரித்துத் திருப்புதல் நடத்தினேன். என் பணிக்காலத்தில் நான் மிகவும் ரசித்து நடத்திய வகுப்புகள் அவைதான். இதைச் சொல்ல இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அது.

வேதி மாற்றம் நடத்திய அன்று, எரிவதற்கு எரிபொருளும் ஆக்சிஜனும் தீப்பற்றும் அளவு வெப்பமும் வேண்டும் என்று பலகையில் எழுதினேன். பழுப்பு நிலக்கரி கொட்டி வைக்கும் யார்டில் வேலை செய்யும் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அப்ப எங்க யார்டுல தீக்குச்சி கிழிக்கிறது யாரு சார்? கரி குமிஞ்சிக் கெடந்தா அதுபாட்டுக்குப் பொகஞ்சிக்கினு கெடக்குது. தண்ணி அடிச்சிக்கினே இருக்கணும்."

நிலக்கரி காற்றோடு மெதுவாக வினைபுரிந்து சூடாவதையும், அந்தச் சூடு குவியலுக்குள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போவதையும் விளக்கினேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். "நாம மூச்சு வுடுதுன்னு சொல்றமே, அதான்" என்றார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் பல வகுப்புகளில் பயன்படுத்தினேன்.

இயந்திரப் பாடத்தில்தான் அந்தப் பெண்ணை நான் கவனித்தேன். முப்பது வயது சொல்லலாம். சேத்தியாத்தோப்பு போகும் வழியில் ஒரு கிராமம். கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. மஞ்சள்காமாலையில் இறந்துபோயிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். கணவரின் வேலை குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நிலை இருந்தது. இவர் ஒன்பதாவதோடு நிறுத்தியவர். வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். இந்த வருடம் பத்தாவது தேறினால் வேலை இவருக்கு. தேறாவிட்டால் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதை வகுப்பில் எல்லோரும் அறிவார்கள். நானும் அறிவேன்.

சக்கரங்களின் சுழற்சி விகிதம் நடத்தினேன். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சிறியது எத்தனை சுற்று என்ற கணக்கு. எல்லோரும் நான் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மறுவாரம் அவர் வந்து, தன் வீட்டுத் தையல் மெஷினில் சின்னச் சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். கணக்கு சரியாக வந்ததாம். "நீங்க சொன்னது கரெட்டுதாங்க சார்" என்று எனக்குச் சான்று கொடுத்தார். வகுப்பே சிரித்தது. எனக்கு உள்ளூர லேசாகச் சுருக்கென்றது. என்னை யாரும் சரிபார்த்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை மின்சாரம். அந்த வாரம்தான் புது மீட்டர்கள் வந்திருந்தன. அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டி. முகப்பில் ஒன்றில் ஏ, இன்னொன்றில் வி என்ற ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். முதலில் பேட்டரியின் வோல்ட் அளவைக் காட்டலாம் என்று எடுத்தேன். சுடுகாட்டு அலமாரியின் கதையைச் சொல்லிக்கொண்டே, முகத்தை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டே, கை பழக்கத்தில் வயர்களை முறுக்கினேன். பேட்டரிக்கும் மீட்டருக்கும் நடுவில், சுவிட்சைப் போலச் சுற்றை மூடும் ஒரு சாவி மட்டும். அளவு படிக்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, சாவியைப் போடச் சொன்னேன்.

முள் ஒரே அடியாகக் கடைசிக்குப் போய் முட்டியது. பிளாஸ்டிக் தீயும் வாசனை. குனிந்து பார்த்தேன். முகப்பில் இருந்தது ஏ.

ஒரு நொடிதான். "என்னம்மா பண்ணினே?" என்று என் வாய் கேட்டுவிட்டது. யோசித்துக் கேட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்ட பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சாவியிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "சாவிய போட்டது நானுங்க சார். ஒயரு குடுத்தது நீங்க."

மற்றவர்கள் மேசையைச் சுற்றித் தள்ளி நின்றிருந்தார்கள். எந்த வயர் எங்கே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் அவர்தான். அவர் ஏதோ வயரை மாற்றிவிட்டார் என்று நான் சத்தமாகச் சொன்னேன். திட்டினேன். ஒரு சீட்டை எடுத்து அவர் பெயரையும், வகுப்பு என்ற இடத்தில் தனித்தேர்வர் என்றும், தேதியையும் எழுதி ஒட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "சார் சொன்ன கதைக்கு நம்ம ஆளு ஒண்ணு சேந்துடுச்சி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

புது மீட்டர் ஆயிற்றே என்று தலைமை ஆசிரியர் கேட்டபோதும் அதையே சொன்னேன். கவனக்குறைவால் எரித்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கி வையுங்கள், விஷயம் முடிந்தது என்றார் அவர். நான்கு வரிக் கடிதம். மாணவர்களிடம் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். மறுநாள் ஞாயிறு அந்தப் பெண் வந்தபோது, எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் பண்ணலன்னு உங்களுக்கே தெரியும். எப்படிங்க எழுதறது?"

எழுதாவிட்டால் உள்ளே விட முடியாது என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரமும் வந்தார், அதே படியில் நின்றார், அதே பதில். மூன்றாவது வாரத்திலிருந்து வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நான் ஒவ்வொரு வகுப்புக்கும் வரவில்லை என்று குறித்தேன். அந்தக் குறிகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. வருகை போதாமல் அவரால் தேர்வு எழுத முடியவில்லை. கொழுந்தன் வேலைக்குப் போனார். இதை யார்டுக்காரர் வந்து சொன்னார். பாவம் சார், நாலு வரி எழுதியிருக்கலாம், பிடிவாதக்காரி என்றார். நானும் ஆமாம் என்றேன்.

எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. சுடுகாட்டு அலமாரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வடலூர் பஸ் நிலையத்தில் சேத்தியாத்தோப்பு பஸ் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவுதான் என் வருத்தத்தின் அளவாக இருந்தது.

போன வருடம் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆய்வகத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அந்த அலமாரியை அப்புறப்படுத்தப் போகிறோம், உங்கள் ஞாபகத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் இப்போதைய தலைமை ஆசிரியை. போனேன். அதே மேசைகள், அதே முக்காலிகள். ஜன்னலுக்கு வெளியே வாகை மரம் இன்னும் உயர்ந்து புகைபோக்கியைப் பாதி மறைத்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். மற்ற சீட்டுகளெல்லாம் மங்கிப்போயிருந்தன. கடைசியாக ஒட்டியது மட்டும் தெளிவாக இருந்தது. திருத்தமான என் கையெழுத்தில் அவர் பெயர். அதைப் படித்தபோது அந்த வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்றே தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். நான்கு வரிதான் வந்தது. அவர் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார். "அந்த மீட்டர் எப்பவோ கணக்குல தள்ளுபடி ஆயிடுச்சு சார். இதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர் இல்லை.

பள்ளிக் காவலாளிக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தது. டவுன்ஷிப்பிலேயே காண்ட்ராக்டில் தெருக் கூட்டுகிறாராம். எந்த பிளாக் என்று சொன்னார். இரண்டு நாள் கழித்து, மீட்டரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணி டீ நேரம். நாலைந்து பெண்கள் துடைப்பங்களைச் சாய்த்து வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கவில்லை.

நான் மீட்டரை வெளியே எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வயர் கொடுத்தது நான். ஏ என்ற எழுத்தைப் பார்க்காமல் விட்டது நான். பொய் சொன்னது நான். கடிதம் கேட்டு வாசலில் நிறுத்தியதையும் தெரிந்தேதான் செய்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். "சார் இன்னாவோ சொல்றாரு, கேளுங்க. இன்னொரு தபா சொல்லுங்க சார், இவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு முறை சொன்னேன். ஒரு பெண், "இத சொல்றதுக்கா பதிமூணு வருசம்? எங்க ஊரு ரோடுகூட அதுக்குள்ள ரெண்டு தபா போட்டுட்டாங்களே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவரும் கொஞ்சம் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டார். மாமியார் இன்னும் இருக்கிறார், அவர் காதில் விழ வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறு, பதின்மூன்று வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த பஸ்ஸில் ஏறினேன். மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். காது மந்தம். குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்ததால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். வேலைக்குப் போன கொழுந்தனும் இருந்தார். நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டவர், நான் பேசி முடித்த பிறகு என் முகத்தையும் பார்க்கவில்லை, அண்ணியின் முகத்தையும் பார்க்கவில்லை. கிழவி மருமகளைக் கைகாட்டி, "நான்தான் அன்னிக்கி எழுதிக் குடுத்துட்டு வாடின்னு இவள அடிச்சேன்" என்றார். எனக்குத் தெரியாத செய்தி அது.

அந்தப் பெண்ணிடம், பத்தாவதுக்குப் படிக்க உதவுகிறேன், கட்டணமும் கட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். வேலைக்கு வயது தாண்டிவிட்டது, பெண்கள் இருவரும் படித்து முடித்துவிட்டார்கள், இனி அந்தக் காகிதம் எனக்கு எதற்கு என்றார். நான் கொண்டுபோன பரிகாரம் அவ்வளவு எளிதாகக் கீழே விழுந்தது. மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது வேறு ஒன்று சொன்னார். அவரோடு கூட்டுகிற பெண்களில் மூன்று பேர் இந்த வருடம் பத்தாவதுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அறிவியல் என்றால் பயம். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது. நான் படியில் கால் வைத்த பிறகு, "நானும் வந்து ஒக்காருவேன்" என்றார்.

தலைமை ஆசிரியை ஞாயிறு மதியத்துக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார். போன மாதம் மின்சாரம் ஆரம்பித்தோம். அன்று முதலில் பேட்டரியின் வோல்ட் அளவு. மூன்று பெண்களும் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு. அவர் மட்டும் நோட்டு கொண்டுவரவில்லை, மேசையின் ஓரத்தில் நின்றார். நான் பேசாமல், மேசையை மட்டும் பார்த்து வயர்களை இணைத்தேன். எழுபது வயதில் கை முன்போல வேகமாக ஓடுவதில்லை. முடித்துவிட்டுச் சாவியை எடுத்தேன்.

"இருங்க சார்" என்றார்.

அவர் விரலைப் பேட்டரியின் சிவப்பு முனையில் வைத்து, வயர் மேலேயே நகர்த்திக்கொண்டு வந்தார். சாவி. அடுத்த வயர். மீட்டர். அதன் முகப்பில் விரலை நிறுத்தி, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மீட்டரின் மறுமுனையிலிருந்து கறுப்பு வயர் வழியாகப் பேட்டரிக்கே திரும்பி வந்தார். அவசரப்படவில்லை. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன்.

"வி தான்" என்றார் அவர்களிடம். பிறகு என் கையிலிருந்து சாவியை வாங்கி அவரே போட்டார். முள் எழும்பி ஆறுக்குப் பக்கத்தில் நின்றது.

எரிந்த அந்த மீட்டரை அவரிடமிருந்து திரும்ப வாங்கி வந்திருந்தேன். சீட்டைக் கிழித்துவிட்டு என் பெயர், அறிவியல் ஆசிரியர், அதே தேதி என்று எழுதி ஒட்டி ஆய்வகத்தில் கொண்டுபோய் வைத்தேன். அலமாரி போய்விட்டதால் ஜன்னலோரத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் வயர் கொடுப்பதும், அவர் விரலால் சரிபார்ப்பதும், அதன் பிறகே சாவி போடுவதும் வழக்கமாகிவிட்டது. போன வாரம் அவர் ஒரு நோட்டு வாங்கி வந்திருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.